கழிவுநீர்க் கட்டணம்: கொடுக்கிற காசுக்குத் தகுந்த சேவையா?

சிங்கப்பூரில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து வருகிற எஸ்பி பில்லில் தண்ணீர்ப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தண்ணீருக்கான விலை ஒன்று, தண்ணீர்ச் சேமிப்பு வரி ஒன்று, அதோடு கழிவுநீர்க் கட்டணம் என்று இன்னொன்றும் இருக்கும். நான் ரிவியூ எழுதப்போவது அந்த மூன்றாவதற்கு. 2025 ஏப்ரலிலிருந்து, மாதம் 40 கன மீட்டருக்குள் புழங்குகிற வீடுகளுக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், ஜிஎஸ்டி சேர்க்காமல் 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு. அதில் 1 வெள்ளி 9 காசு கழிவுநீருக்குப் போகிறது. தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 140 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் 17 கன மீட்டர் அளவுக்குப் புழங்கும். கழிவுநீருக்கு மட்டும் பதினெட்டரை வெள்ளி வரும். தேக்காவில் இரண்டு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டு எழுந்தால் ஆகிற செலவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வேலையின் தரத்துக்கு ஐந்தும் கொடுக்கலாம். ஒன்றை ஏன் பிடித்து வைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டணம் முன்பு இரண்டு துண்டாக இருந்தது. புழங்கிய தண்ணீருக்கு ஏற்ப ஒன்று, வீட்டில் எத்தனை கழிப்பறை இருக்கிறது என்று எண்ணி அதற்கு மாதம் இவ்வளவு என்று இன்னொன்று. 2017-ல் இரண்டையும் ஒன்றாக்கி, புழங்குகிற அளவுக்கு மட்டும் காசு என்று மாற்றினார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இரண்டு கழிப்பறை உள்ள வீட்டில் தனியாக வாழும் முதியவர், கழிப்பறைக் கணக்கில் எதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும்?

சரி, இந்தக் காசுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதைச் சொல்லும்போது வயதானவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறை முழுசாக ஒழிந்தது 1987-ல்தான். அதுவரை கம்பத்து (கிராமத்து) வீடுகளில் மலம் நிறைந்த வாளியை ஓர் ஆள் வந்து எடுத்துப் போவார், சின்னச் சின்னக் கதவுகள் வரிசையாக வைத்த லாரி வரும், அந்த நாற்றம் தெரு முழுக்க நிற்கும். ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதே காலத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் பன்றிப் பண்ணைக் கழிவு, கடைக் கழிவு, மனிதக் கழிவு எல்லாம் கலந்து ஓடியது. 1977-ல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டுக் கெடு வைத்தார், 1987-க்குள் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். ஆக இன்று முப்பது வயதில் இருக்கிறவர்கள் கழிவுநீரை ஒருநாள்கூடக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சேவை இவ்வளவு சீக்கிரம் மறந்துபோனதற்கு அது நன்றாக நடக்கிறது என்பதுதான் காரணம்.

இங்கே பலருக்கும் குழப்பம் உள்ள ஓர் இடம். சிங்கப்பூரில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. சாலையோரம் திறந்து கிடக்கிற அந்தக் கான்கிரீட் வடிகால், வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்குக்குக் கீழே ஓடுகிற வடிகால் எல்லாம் மழைநீருக்கு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதனால் அந்த வடிகாலில் போவது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும், பிறகு சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வரும். கடையைக் கழுவிய சோப்புத் தண்ணீரை, மாப் போட்ட வாளித் தண்ணீரை வெளியே வடிகாலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அதை உள்ளே, சமையலறை அல்லது கழிப்பறைத் துவாரத்தில் ஊற்றினால் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்த வேலைக்குத்தானே மாதாமாதம் காசு கட்டுகிறோம்?

வீட்டுக்குள் ஊற்றுகிற தண்ணீர் புளோக்கின் செங்குத்துக் குழாயில் இறங்கி, தெருவுக்கு அடியில் உள்ள குழாயைச் சேர்ந்து, அங்கிருந்து ஆழ்சுரங்கத்துக்குப் போகிறது. இந்தச் சுரங்கம்தான் எனக்கு இந்தச் சேவையிலேயே ரொம்பப் பிடித்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர், தரைக்கு அடியில் 20 மீட்டரில் தொடங்கி 55 மீட்டர் ஆழம் வரை, அகலமான இடத்தில் 6 மீட்டர் விட்டம். முதல் கட்டம் 2008-ல் முடிந்தது. சாய்வாகத் தோண்டியிருப்பதால் தண்ணீர் தானாகவே சாங்கிக்கு ஓடும், வழியில் பம்ப் வைத்துத் தள்ள வேண்டாம். முன்பு ஊருக்குள் ஆங்காங்கே பம்ப் நிலையங்களும், கிம் சுவான், பிடோக், சிலேத்தார் என்று தனித்தனிச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தன. அவற்றையெல்லாம் மூடிவிட்டு நிலத்தை வேறு வேலைக்கு விடுவித்தார்கள். நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள ஊரில் இதுவே ஒரு பெரிய வருமானம். இரண்டாம் கட்டம் தெற்கையும் மேற்கையும் சேர்த்துத் துவாஸுக்குப் போகிறது, அதன் சுரங்கம் தோண்டுகிற வேலை 2023-ல் முடிந்தது.

சாங்கி நிலையம் 2009-ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. தொடங்கும்போதே ஒரு நாளைக்கு 8 லட்சம் கன மீட்டர் சுத்தம் செய்யும் திறன், பிறகு 9 லட்சத்து 20 ஆயிரமாகக் கூட்டினார்கள். தொட்டிகளைப் பரப்பி வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் 32 ஹெக்டேரில் அடக்கிவிட்டார்கள். ஆழத்திலிருந்து மேலே ஏற்றியதும் தண்ணீர் முதலில் கம்பிச் சல்லடைகளைக் கடக்கும், துணி, பிளாஸ்டிக், ஈரத் துடைப்புத்தாள் எல்லாம் அங்கே மாட்டும். அப்புறம் மணலும் கல்லும் அடியில் தங்கும். அதற்கடுத்து பெரிய தொட்டிகளில் கனமானது கீழே படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், இரண்டையும் வழித்து எடுப்பார்கள். இதுவரை நடந்தது வெறும் பொறுக்கல்தான். கரைந்து கிடக்கிற அழுக்கைச் சல்லடையால் பிடிக்க முடியாது.

அதைப் பிடிப்பது பாக்டீரியா. காற்றை ஊதிக்கொண்டே இருக்கிற தொட்டியில் கோடிக்கணக்கில் அவை வாழ்கின்றன, நம் சாம்பார் மிச்சம், சோப்பு, சிறுநீர், மலம் எல்லாம் அவற்றுக்கு உணவு. தின்று பெருகி, திரண்டு திரண்டு கசடாகும். அடுத்த தொட்டியில் காற்று ஊதுவதை நிறுத்தினால் அந்தத் திரட்சி கீழே இறங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். கீழே இறங்கிய கசடில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள், வேலை தெரிந்த பாக்டீரியாவை வீணாக்காமல் மறுபடி வேலைக்கு வைப்பதற்காக. காற்று போதவில்லை என்றாலோ, ஏதாவது தொழிற்சாலை விஷக் கழிவைத் திருட்டுத்தனமாகக் குழாயில் விட்டாலோ இந்த உயிர்கள் செத்துப்போகும், நிலையமே படுத்துவிடும். அதனால்தான் தொழிற்சாலைக் கழிவுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. மீதிக் கசடு மூடிய தொட்டிகளுக்குப் போகும், அங்கே காற்றே இல்லாமல் வாழ்கிற வேறு பாக்டீரியா அதைச் செரித்து மீத்தேன் வாயுவைக் கொடுக்கும், அதை எரித்து நிலையத்துக்கே மின்சாரம் எடுப்பார்கள். கடைசியில் எஞ்சுவதைக் காயவைத்து எரித்துச் சாம்பலாக்கிவிடுவார்கள்.

தெளிந்த நீருக்கு இரண்டு வழி. ஒன்று கடல்: சாங்கியிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலுக்கு அடியில் குழாய் போட்டு சிங்கப்பூர் நீரிணையில் விடுகிறார்கள், அங்கே நீரோட்டத்தில் கலந்து போய்விடும். கரைக்குப் பக்கத்திலேயே விடாமல் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுவதற்குச் செலவு செய்திருக்கிறார்களே, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இன்னொரு வழி நியூவாட்டர் என்கிற புதுநீர்.

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்: "சாக்கடைத் தண்ணியையா குடிக்கிறீங்க?" முகம் சுளிப்பார்கள், சாமி கும்பிடுகிற வீட்டில் இது என்ன என்பார்கள். நான் பொறுமையாகவே பதில் சொல்வேன். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிற நீர் முதலில் நுண்வடிகட்டிச் சவ்வைக் கடக்கிறது, அதில் மிதக்கிற துகளும் பாக்டீரியாவும் நின்றுவிடும். பிறகு ஆர்ஓ, அதாவது அழுத்தம் கொடுத்து இன்னும் நுண்ணிய சவ்வு வழியாகத் தள்ளுவது, இதில் கரைந்த உப்பு, பூச்சிமருந்து, வைரஸ் எல்லாம் பிரிந்துபோகும். அதற்குப் பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஆர்ஓவுக்குள் போகிற நீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான் புதுநீராக வெளியே வரும், மீதி உப்புச் செறிந்த நீராகத் தனியே போய்விடும். கிடைப்பதில் பெரும்பகுதி கணினிச் சில்லுக்கான வேஃபர் தயாரிக்கிற தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களைக் குளிரூட்டவும் தனிக் குழாயில் போகிறது, அந்தத் தொழிற்சாலைகளுக்கு நம் குடிநீரைவிட இதுதான் பிடிக்கும், ஏனென்றால் இதில் உப்புகள் குறைவு. மழை குறைந்த மாதங்களில் கொஞ்சத்தை நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள், அது மழைநீரோடு கலந்து, மறுபடியும் ஒருமுறை சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் வீட்டுக் குழாய்க்கு வரும். சென்னைக்காரர்களாக இருந்தால் கூடுதலாக ஒன்றும் சொல்வேன்: உங்கள் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இதே மாதிரி கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது, கேட்டதும் முகம் மாறும்.

இதைச் சிங்கப்பூரில் ஒரே நாளில் சாதித்துவிடவில்லை. 1974-லேயே ஜூரோங்கில் சோதனை நிலையம் வைத்துப் பார்த்தார்கள், அன்றைய சவ்வுகள் விலையும் அதிகம், நம்பவும் முடியவில்லை, விட்டுவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து சவ்வு மலிந்த பிறகு 2000-ல் பிடோக்கில் மறுபடி தொடங்கினார்கள். 2002 தேசிய தின அணிவகுப்பில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங்கும் சுமார் 60,000 பேரும் புதுநீர் போத்தலை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள். 2003-ல் பிடோக், கிராஞ்சி ஆலைகள் ஓடத் தொடங்கின. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிற ஒப்பந்தம் 2061-ல் முடியப்போகிறது என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த அவசரமும் பிடிவாதமும் புரியும்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தது பிடோக் ஆலையோடு சேர்ந்திருந்த பார்வையாளர் நிலையத்தில். மேல்தள நடைபாதையில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் குழல்கள் வரிசை வரிசையாகப் படுக்கவைத்திருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் சவ்வைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எந்த நாற்றமும் இல்லை, ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். குடித்துப் பார்த்தால் நாக்கில் எதுவுமே ஒட்டாது, கொஞ்சம் சப்பென்று இருக்கும். தாது உப்புகள் போய்விட்டால் தண்ணீர் அப்படித்தான். காய்ச்சி வடித்த தண்ணீரில் காப்பி போட்டால் எப்படி இருக்குமோ என்று பக்கத்தில் நின்ற அக்கா யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையத்தை 2024-ல் மூடிவிட்டார்கள், பழைய பிடோக் ஆலையின் ஆயுள் முடிந்ததால். காரணம் சரிதான். ஆனால் நான் பிடித்து வைத்த ஒரு நட்சத்திரம் இதற்காகத்தான். மரீனா அணைக்கட்டில் ஒரு கண்காட்சி இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், நன்றாகவே இருக்கும். இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கிற ஆலையைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு அது ஈடாகாது. யாரும் பார்க்காத சேவையை யாரும் மதிக்க மாட்டார்கள். மதிக்காததால்தான் கண்டதையும் குழாயில் கொட்டுகிறார்கள்.

கொட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஈசூனில் என் அத்தை வீடு இரண்டாம் மாடி, அவர்கள் குழாய் வரிசையில் அதுதான் அடியில் உள்ள கடைசி வீடு. தீபாவளிக்கு மறுவாரம் சமையலறைத் தரைத் துவாரத்திலிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. அவர் வீட்டில் யாரும் எதுவும் ஊற்றவில்லை. மேலே உள்ள வீடுகளின் தண்ணீர் இறங்க வழியில்லாமல் கடைசி வீட்டில் ஏறியிருக்கிறது. அழைத்ததும் ஓர் ஊழியர் வந்தார், நீளமான கம்பிச் சுருளைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றிச் சுழற்றி இழுத்தார். வெளியே வந்தது வெளிர்மஞ்சளாக, விரலால் அழுத்தினால் பதிகிற மாதிரி கெட்டியான கொழுப்பு. அதற்குள் ஈரத் துடைப்புத்தாள்கள் கிழியாமல் சுருண்டு கிடந்தன, நடுவில் கறிவேப்பிலைகள் பச்சை மாறாமல். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூடாக ஊற்றும்போது தண்ணீர் மாதிரி ஓடுகிறது, குழாய்க்குள் போய் ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. துடைப்புத்தாள் பாக்கெட்டில் கழிப்பறையில் போடலாம் என்று அச்சடித்திருந்தாலும் போடாதீர்கள். அது காகிதம் மாதிரி கரைவதில்லை. அந்த ஊழியர் முகமூடியைக்கூடச் சரிசெய்யாமல் வேலையை முடித்துவிட்டு, தரையையும் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பொரித்த எண்ணெய் மிஞ்சினால் ஆறவிட்டுப் பழைய செய்தித்தாளில் ஊறவைத்தோ, போத்தலில் ஊற்றி இறுக மூடியோ குப்பையில் போடுங்கள். வாணலியைக் கழுவுவதற்கு முன் ஒரு தாளால் துடைத்துவிடுங்கள். உணவகங்களுக்கு எண்ணெயைப் பிடித்து வைக்கிற கிரீஸ் டிராப் தொட்டி கட்டாயம், வீடுகளுக்கு அப்படி எதுவும் கிடையாது, நம் கைதான். அடைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே உள்ள குழாய் என்றால் நீங்கள்தான் குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட வேண்டும். பல வீடுகளுக்குப் பொதுவான குழாய் என்றால் வட்டாரப் பராமரிப்பைப் பார்க்கிற நகர மன்றம். தெருவில் ஆள்நுழை குழியிலிருந்து கழிவுநீர் பொங்கி வழிந்தால் தண்ணீரையும் கழிவுநீரையும் பார்க்கிற பொதுப் பயனீட்டுக் கழகம், எல்லாரும் சொல்கிற மாதிரி பியுபி. அதன் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது.

இன்னொன்றையும் இந்த ரிவியூவில் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு பெண் காரோடு உள்ளே போனாரே, அந்த இடத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்ததும் கழிவுநீர்க் குழாய்களை இணைக்கிற ஆழக்குழி வேலைதான். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள், அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேற்பார்வையாளர் ஒரு தமிழர், கயிற்றை வீசிச் சில நிமிடங்களில் அந்தப் பெண்ணை மேலே இழுத்துவிட்டார்கள். அதிபர் தர்மன் அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்துப் பாராட்டினார், ஊரே பேசியது. நம் பில்லில் உள்ள அந்த 1 வெள்ளி 9 காசுக்குப் பின்னால் இப்படி மண்ணுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நம் ஊர்க்காரர்கள் கணிசம். கோவிட் காலத்தில் தங்குவிடுதிகளின் கழிவுநீரைச் சோதித்தும் எங்கே தொற்று பரவுகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள், அதையும் இந்தச் சேவையின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

விலை ஏறியது பலருக்குக் கடுப்பு, எனக்கும் பில் வரும்போது தெரிகிறது. 2024 ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு என்று இரண்டு தடவையாக மொத்த விலையை ஏற்றினார்கள், அதில் கழிவுநீரின் பங்கும் உண்டு. சின்ன வீடுகளுக்கு யூ-சேவ் என்கிற அரசாங்கத் தள்ளுபடி கொஞ்சம் தாங்குகிறது. சவ்வுக்கும் மின்சாரத்துக்கும் சுரங்கத்துக்கும் ஆகிற செலவைப் பார்த்தால் இந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த 1 வெள்ளி 9 காசு எதற்கெல்லாம் போகிறது என்பதை பில்லுக்குப் பின்பக்கத்தில் நான்கு மொழியிலும் நான்கு வரி அச்சிட்டால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும்.

துவாஸில் எழுந்து வருகிற புதிய நிலையத்துக்குப் பக்கத்திலேயே குப்பை எரிக்கிற ஆலையும் வருகிறது, கசடையும் உணவுக் கழிவையும் சேர்த்துச் செரிக்கவைத்து வாயு எடுத்து அங்கேயே மின்சாரமாக்கப் போகிறார்கள். பியுபியிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே பிடோக்கில் இருந்த மாதிரி ஒரு கண்ணாடி நடைபாதை வையுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் விளக்குகிற ஒருவரையும் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வரட்டும், தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கிற அம்மாக்கள் வரட்டும், அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த தம்பிகளும் விடுமுறை நாளில் பஸ் பிடித்து வந்து பார்க்கட்டும். அதைச் செய்த அன்றைக்கே ஐந்தாவது நட்சத்திரத்தையும் சேர்த்து இந்த ரிவியூவைத் திருத்திவிடுகிறேன்.